சீனத்தில் மறைந்து யப்பானில் வாழ்ந்த இசை

கலைகள் யாவற்றுள்ளும் வரலாற்றாசிரியனைப் பெரிதும் ஏமாற்றுவது இசையே. கட்டடம் இடிந்தாலும் அத்திவாரம் எஞ்சி நிற்கும். ஓவியம் மங்கினாலும் கோடுகள் புலப்படும். காவியமோ ஏட்டில் உறங்கிக் கிடக்கும். இசை ஒன்றுதான் எழுந்த கணத்திலேயே காற்றிற் கரைந்து போவது. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன், சீனப் பேரரசின் தலைநகராகிய சாங்-ஆனில், அரசவை விருந்துகளில் ஒலித்த இசை எத்தகையது என்று ஒருவர் கேட்பாராயின், அவரைச் சீனாவிற்கு அனுப்பிப் பயனில்லை. கடல்கடந்து யப்பானுக்கே அனுப்பவேண்டும். அங்கு அவர் கேட்பதும் அவ்விசைதானா என்பது வேறொரு வழக்கு. பிறந்தகத்தில் மறைந்த ஓர் இசை புகுந்தகத்திலே எவ்வாறு பிழைத்தது, பிழைத்ததற்கு என்ன விலை கொடுத்தது என்பனவே நாம் ஈண்டு ஆராயப் புகுவன.

முதலிற் பிறந்தகத்தைச் சற்றுப் பார்ப்போம். பழஞ்சீனர் இசையை வெறும் பொழுதுபோக்கென்று கருதினாரல்லர். நாடு செம்மையாக நடைபெற வேண்டுமாயின் சடங்கும் இசையும் செம்மையாக இருத்தல் வேண்டுமென்பது கொன்பியூசியஸ் வழிவந்தோர் கொள்கை. அப்பெரியார் சீ நாட்டிலே 'ஷாவ்' என்னும் பழைய இசையைக் கேட்டபின் மூன்று மாதங்கள் இறைச்சியின் சுவையையே அறியாதிருந்தார் என்று அவர்தம் உரைத்தொகுதி கூறுகின்றது. புதிய அரசகுலம் ஒன்று ஆட்சிக்கு வந்தால், நாட்காட்டியைத் திருத்துவது போலவே, 'மஞ்சள் மணி' எனப்படும் ஆதார சுருதியையும் திருத்தி நிறுவ முயல்வது அங்கு வழக்கம். அச்சுருதிக்குரிய குழாயின் நீளத்தில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தால் அடுத்த சுருதி பிறக்கும். குறைத்த குழாயோடு அதன் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால் அதற்கடுத்தது பிறக்கும். இவ்வாறு மாறிமாறிச் செய்து பன்னிரு சுருதிகளைப் பெற்றனர். சட்சத்திலிருந்து பஞ்சமம் பிறக்கும் முறையென்று நம் சங்கீத மாணவர் அறிவதும் இதுவே.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று எண்ணியிருந்தோர் 1978-ல் வியப்படைந்தனர். அவ்வாண்டு ஹூபெய் மாகாணத்துச் சூய்சோ நகருக்கருகில், செங் என்னும் சிற்றரசின் தலைவனாயிருந்த யீ என்பானது கல்லறை அகழப்பட்டது. கி.மு. 433-ஐ ஒட்டி மூடப்பட்ட அக்கல்லறையில் 65 வெண்கல மணிகள் மூன்று அடுக்குகளாகக் கிடைத்தன. மணியின் வாய் வட்டமாயிராது இருபுறமும் கூர்ந்திருத்தலால், நடுவில் அடித்தால் ஒரு சுரமும் பக்கத்தில் அடித்தால் மற்றொரு சுரமும் எழும். எவ்விடத்தில் எச்சுரம் என்பது மணியின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இத்துணை நுட்பமான கலை பின்வந்த நூற்றாண்டுகளில் அறவே மறக்கப்பட்டது. மறதி என்பது சீன இசைக்குப் பிற்காலத்தில் நேர்ந்த புதுமையன்று என்பதை இங்குக் குறித்துக் கொள்வோம்.

கோயிலிலும் முன்னோர் வழிபாட்டிலும் எழுந்த இசைக்கு 'யா-யுவே' என்று பெயர். செவ்விய இசை என்பது பொருள். விருந்து மண்டபத்தில் ஒலித்தது 'யென்-யுவே', அதாவது விருந்திசை. முன்னது மதிப்புக்குரியது, பின்னது மனத்துக்கு இனியது. இவ்விரு பெயர்களையும் வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். கடல் கடந்தபோது இவற்றுள் ஒன்றன் பெயர் மற்றதற்குச் சூட்டப்பட்டது.

விருந்திசையிற் பெரும்பகுதி சீனருடையதே அன்று. பாலைவன வழியே பட்டு வாணிகம் செய்த நகரங்களிலிருந்து அது வந்தது. அவற்றுள் தலையாயது குச்சா. இன்றைய சிங்கியாங் பகுதியிலுள்ளது. கி.பி. 568-ல் வட சௌ அரசன் துருக்கிய இளவரசி ஒருத்தியை மணந்தபோது, அவளோடு குச்சா நாட்டுக் கலைஞன் ஒருவனும் வந்தான். 'பிப்பா' என்னும் பேரிக்காய் வடிவான நரம்புக் கருவியை வாசிப்பதில் வல்லவன். அவன் பெயரைச் சுஜீவன் என்று அறிஞர் மீட்டுரைப்பர். ஏழு சுரங்களையும் ஏழு பண்முறைகளையும் அவன் எடுத்துரைத்தான். அவன் கூறிய பண்முறைப் பெயர்களைச் சூயி அரசகுலத்து வரலாற்று நூல் சீன எழுத்தில் ஒலிபெயர்த்து வைத்திருக்கின்றது. அப்பெயர்களிற் சில சாதாரிதம், கைசிகம், பஞ்சமம் என்பனவே என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள குடுமியான்மலைக்குச் சென்றவர், அங்குக் குன்றின் பாறையிலே பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டைக் கண்டிருப்பர். ஏழாம் நூற்றாண்டினதெனப் பெரும்பாலும் கொள்ளப்படும் அக்கல்வெட்டிலுள்ள ஏழு பண்களின் வரிசையிலும் இம்மூன்று பெயர்களும் உள. சீனப் பேரரசனின் ஏடும் தமிழகத்துப் பாறையும் ஒரே சொற்களைக் காத்து வைத்திருப்பது நம்மை வியக்கச் செய்கின்றது. யப்பானிய அரசவை இசையில் இன்றுமுள்ள 'பன்ஷிக்கி' என்னும் பண்முறையின் பெயரும் பஞ்சமம் என்பதன் திரிபே என்பர்.

தாங் அரசகுலம் (கி.பி. 618–907) இவ்வயல்நாட்டு இசையை ஒதுக்காது அரவணைத்துக் கொண்டது. பேரரசன் தைசொங் காலத்து அரசவையில் இசைக்குழுக்கள் பத்தாக வகுக்கப்பட்டிருந்தன. இந்தியா, குச்சா, சாமர்க்கந்து, புக்காரா, காஷ்கர், கொரியா ஆகியவற்றின் இசைக்கெனத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. கி.பி. 712-ல் அரசு கட்டிலேறிய சுவான்சொங் தானே முழவு வாசிப்பவன். 'பேரித் தோட்டம்' என்ற இசைப் பள்ளியை 714-ல் நிறுவியவன் அவனே. சீன நடிகரைப் பேரித் தோட்டத்து மாணாக்கர் என்று அழைக்கும் வழக்கம் அதனால் வந்ததாகும். 755-ல் ஆன் லூஷான் கலகம் மூண்டது, தலைநகர் வீழ்ந்தது, இசைவாணர் திக்கெட்டும் சிதறினர். அரசகுலம் மீண்டெழுந்து ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது உண்மையே. ஆயினும், பழைய விருந்திசை பழைய நிலைக்கு மீளவில்லை. பின்வந்தோர் புதிய பாட்டையும் நாடகத்தையும் விரும்பினர். இதனைச் சீனரின் அசட்டை என்று பழிப்பது தகாது. புதியன புனையும் ஆற்றல் மிக்க சமுதாயம் பழையதைக் கைவிடுதல் இயல்பே. யப்பானோ அதனை விருந்தாளியாக ஏற்றுக்கொண்டது. விருந்தாளியின் உடைமையை விருப்பம்போல் மாற்ற எவரும் துணியார்.

யப்பானியர் கி.பி. 630 முதலாகத் தாங் அரசவைக்குத் தூதுக்குழுக்களை அனுப்பினர். அவை மரக்கலத்தில் எழுத்தையும் சட்டத்தையும் மருந்தையும் புத்த சமயத்தையும் ஏற்றி வந்தன. அவற்றோடு இசையும் வந்தது. 701-ல் இயற்றப்பட்ட தைஹோ சட்டத் தொகுதியின்படி அரசாங்க இசைத் திணைக்களம் ஒன்று அமைக்கப்பட்டது. இசைக்கென்று அரசாங்கம் ஒரு திணைக்களத்தையே வைத்தமை பின்வந்த கதைக்கு முக்கியமானது.

நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்தில் வெண்கலப் பெரும் புத்தருக்குக் கண் திறக்கும் விழா 752-ல் நிகழ்ந்தது. விழிகளைத் தூரிகையால் வரைந்தவர் யார் என்று அறிந்தால் நம் இளைஞர் மகிழ்வர். அவர் போதிசேனர், தென்னிந்தியாவில் 704-ல் அந்தணர் குலத்திற் பிறந்து, புத்த துறவியாகிச் சீனம் சென்று, 736-ல் யப்பானை அடைந்தவர். தூரிகையிலே நீண்ட கயிறு கட்டப்பட்டிருந்தது. அதனைக் கூடியிருந்தோர் பற்றிக்கொண்டு அப்புண்ணியத்திற் பங்கு பெற்றனர். அன்று சீன, கொரிய, யப்பானிய ஆடல் பாடல்கள் யாவும் அரங்கேறின. போதிசேனருடன் கப்பலேறி வந்தவர்களுள் ஒருவர் இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலிருந்த சம்பா நாட்டுத் துறவி. யப்பானியர் அவரைப் புத்தெத்சு என்பர். அவர் கற்பித்தனவாகக் கூறப்படும் ஆடல்களுள், கலவிங்கப் பறவையின் ஆடல் இன்றும் ஆடப்படுகின்றது. நான்கு சிறுவர் சிறகு கட்டிக் கையிற் சிறு தாளமேந்தி ஆடுவர்.

'பத்தோ' என்ற இன்னோர் ஆடல், விரித்த கூந்தலோடு முகமூடி அணிந்து ஒருவர் ஆடுவது. அது இருக்கு வேதம் கூறும் பேது மன்னனின் குதிரையைக் குறிப்பதென்று தக்ககுசு என்ற யப்பானியப் பேரறிஞர் கூறினார். தந்தையைக் கொன்ற விலங்கைத் தேடிச் சென்று பழிதீர்த்த மைந்தனின் கதை அது என்று சீன நூல்கள் கூறும். வேதத்தின் பெயரைக் கேட்டதும் முதற் கூற்றைப் பற்றிக்கொள்ள நமக்கு ஆசை எழுவது இயல்பே. ஆயினும் சீனக் கதையே ஆடலுக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. நம் பெருமைக்கு அத்தகைய ஊன்றுகோல் வேண்டியதில்லை. சரஸ்வதி தேவியே 'பென்சைத்தென்' என்ற பெயரோடு யப்பானிற் குடியேறியிருக்கின்றாள். அங்கு அவள் கையிலிருப்பது வீணையன்று. சீனப் பிப்பாவின் வழிவந்த 'பிவா'.

அவ்விழாவுக்கு நான்கு ஆண்டுகளின் பின், ஷோமு மன்னன் இறந்தபோது, அரசி கோமியோ அவனுடைய உடைமைகளை அவ்வாலயத்துக்கு ஈந்தாள். அவற்றை வைத்த மரக் களஞ்சியமே ஷோசோயின். அங்குள்ள இசைக்கருவிகளுள் ஐந்து நரம்புப் பிவா ஒன்று உண்டு. ஒட்டகத்தின்மேல் அமர்ந்து பிவா வாசிக்கும் ஒருவனின் உருவம் சிப்பியால் அதன்மேல் இழைக்கப்பட்டிருக்கின்றது. நான்கு நரம்புக் கருவி பாரசீகத்திலிருந்தும் ஐந்து நரம்புக் கருவி இந்தியாவிலிருந்தும் வந்தனவென்பர். பழைய ஐந்து நரம்புக் கருவிகளுள் உலகிலே எஞ்சியிருப்பது அது ஒன்றே.

838-ல் புறப்பட்ட தூதுக்குழுவிற் சென்ற புஜிவாரா நோ சதத்தோஷி சீனத்திற் பிவா பயின்று, மறுவருடம் கருவிகளோடு திரும்பினார். அக்குழுவே இறுதியானது. 894-ல் தூது அனுப்பும் வழக்கம் கைவிடப்பட்டது. ஊற்றுக்கண் அடைபட்டபின், உள்ளதை ஒழுங்குசெய்யும் வேலை நடந்தது. சீனத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்தவை 'இடப்புற' இசை என்றும், கொரியா வழி வந்தவை 'வலப்புற' இசை என்றும் வகுக்கப்பட்டன. இவை அனைத்துக்கும் 'ககாக்கு' என்ற பொதுப் பெயர் நிலைத்தது. இச்சொல்லை எழுதும் எழுத்துக்கள் சீனத்தின் யா-யுவேக்கு உரியனவே! விருந்திலே மது அருந்துவோர் கேட்ட இசை, கடல் கடந்ததும் செவ்விய இசையென்று பெயர் பெற்று, கோயிலுக்கும் முடிசூட்டு விழாவுக்கும் உரியதாயிற்று. கேளிக்கைக்குப் பிறந்தது தூரத்தினாலே புனிதம் பெற்ற விந்தை இது.

இனி அதனைக் காத்தவர் யாவரென்று காண்போம். திணைக்களம் நலிந்தபின் காவற்பணி குடும்பங்களின் கைக்கு வந்தது. கியோத்தோவிலும் நாராவிலும் ஒசாக்காவின் தென்னோஜி ஆலயத்திலும் இசைக் குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு கருவி அல்லது ஆடல் உரியது. சிறந்த உருப்படிகள் தந்தையிடமிருந்து மைந்தனுக்கன்றி வெளியே செல்லா. இரகசியம் கலையின் மதிப்பைக் காக்கும். ஆனால் கலையையே காக்குமா?

1100-ஆம் ஆண்டு இவ்வினாவுக்கு விடை கிடைத்தது. ஓனோ குடும்பத்துத் தலைவர் சுகெத்தாதா, ஆடல் இரகசியம் பற்றிய பகையினால் வேறோர் ஆடற் குடும்பத்தவன் கையாற் கொலையுண்டார். குடும்பத்தின் அரிய உருப்படிகள் அவரோடு அழிந்தன என்றே யாவரும் எண்ணியிருப்பர். ஆனால் ஹொரிக்காவா மன்னன் முன்னரே சுகெத்தாதாவிடம் மாணாக்கனாயிருந்து, தெய்வ வழிபாட்டுக்குரிய மறைப்பாடல்களைக் கற்றிருந்தான். தந்தையிழந்த மைந்தனாகிய தாதக்காத்தாவை அழைத்து, மன்னனே ஆசிரியனாகி, அவன் தந்தையின் பாடலை அவனுக்கே கற்பித்தான். 'கொன்ஜூ' என்ற ஆடலை அறிந்திருந்த மினமோத்தோ நோ மசசானே என்ற பிரபு அதனைத் திருப்பிக் கொடுத்தார். 'சாய்ஷோரோ' என்ற முதியோன் ஆடலோ தென்னோஜி ஆலயத்து ஆடலாசிரியர் ஒருவரிடமிருந்து மற்றொரு மைந்தனுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வெளியே மூவர் கற்றிருந்தமையாலேயே அவ்வீட்டுச் செல்வம் பிழைத்தது. குலவித்தை என்று பூட்டி வைப்போர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

1467 முதல் 1477 வரை நடைபெற்ற ஓனின் போர் கியோத்தோவைச் சாம்பலாக்கியது. இசைக் குடும்பங்கள் ஓடி ஒளிந்தன; பல நூல்கள் எரிந்தன. அந்த அழிவைக் கண்ட தொயோஹாரா நோ சுமியாக்கி, தம் குடும்பம் அறிந்தவற்றையெல்லாம் 'தைகென்ஷோ' என்ற பெருநூலாக எழுதி 1512-ல் முடித்தார். அப்பெயரின் முதலிரு எழுத்துக்களுக்குள்ளே தொயோஹாரா என்ற தம் குடும்பப் பெயரின் எழுத்துக்களை மறைத்து வைத்தார். தாம் அழிந்தாலும் பெயராவது இருக்கட்டுமென்று எண்ணினார் போலும்.

இவர்களின் கருவிகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 'ஹிச்சிரிக்கி' ஒரு சாணளவேயுள்ள குழல்; நம் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி கொண்டது; சிறிதாயினும் அதன் குரல் மண்டபத்தையே நிறைக்கும். 'ரியூத்தெக்கி' மூங்கிற் புல்லாங்குழல். 'ஷோ' என்பது 17 மூங்கிற் குழாய்களைக் கட்டாகச் சேர்த்த வாய்க்கருவி. மூச்சின் ஈரம் அதன் உலோக நாக்குகளிற் படியுமாதலால் வாசிப்பவர் அடிக்கடி தணலருகே பிடித்து அதனைச் சூடேற்றுவர். ஷோவின் மூதாதையான சீன 'ஷெங்' பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கண்ணிற் பட்டமையே அங்கு நாக்குவகைக் கருவிகள் தோன்றத் தூண்டுதலாயிற்று. நம் பசனைகளில் ஒலிக்கும் ஆர்மோனியத்துக்கும் இவ்வாறு ஒரு சீனப் பாட்டன் உண்டு.

மாணாக்கன் முதலிற் கருவியைத் தொடுவதில்லை. 'ஷோகா' எனப்படும் சொற்கட்டுக்களை, தொடையிற் கைதட்டியவண்ணம் ஆசிரியரோடு பாடிப்பாடி மனனம் செய்யவேண்டும். ஏட்டிலுள்ள குறிகள் நினைவூட்டுவதற்கு மட்டுமே. மேனாட்டுக் குறியீட்டைப் பாடசாலையிற் பயின்ற நாம், எழுதப்பட்ட சுரமே இசையென்று எண்ணிவிடுகின்றோம். அவர்களோ இசை மூச்சிலிருந்து மூச்சுக்குச் செல்வதென்று கொண்டனர்.

ஆனால் மூச்சுக்கும் ஒரு குறையுண்டு. அது மெல்ல மெல்ல நீளும். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து லோறன்ஸ் பிக்கன் (1909–2007) என்பாரும் அவர் மாணாக்கரும் பழைய யப்பானிய ஏடுகளை ஆராய்ந்தனர். மினமோத்தோ நோ ஹிரோமசா 966-ல் தொகுத்த குழலேடும், புஜிவாரா நோ மொரொனாகா (1138–1192) தொகுத்த பிவா ஏடும் அவற்றுள் அடங்கும். 1981 முதல் வெளிவந்த அவர்களின் நூல்கள் கூறும் முடிவு திடுக்கிட வைப்பது. இன்று ககாக்குவில் நாம் கேட்கும் மெட்டு, குழலும் ஹிச்சிரிக்கியும் வாசிப்பது; அது பிற்காலத்தில் வளர்ந்த அலங்காரம். பழைய தாங் மெட்டோ பின்னணியில் ஒலிக்கும் ஷோவின் அடிச்சுரத்திலும் பிவாவின் மீட்டலிலும் புதைந்து கிடக்கின்றது. அச்சுரங்களைப் பிரித்தெடுத்துப் பல மடங்கு விரைவாக வாசித்தால், துள்ளி நடக்கும் விருந்துப் பாட்டு ஒன்று வெளிப்படும். பல நூற்றாண்டுகளாக நடை தாழ்ந்து தாழ்ந்து, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் ஏற்பட்ட வெளியைக் குழல்கள் நிரப்பின என்பது அவர்கள் வாதம். இதனை எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. நமக்கு அவ்வாதம் பெரிதும் வலிமையுடையதாகவே தோன்றுகின்றது. அதனால் இன்றைய ககாக்கு போலியென்று கூறுவார் உளராயின் அவரோடு நாம் உடன்படோம். எந்தத் தலைமுறையும் தான் மாற்றியதாக நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஆசிரியர் பாடியதையே பாடினர்.

1868-ன் மெய்ஜி மாற்றத்தின்பின், மூன்று இடத்துக் குடும்பங்களையும் 1870-ல் தோக்கியோவிற் கூட்டினார்கள். ஒவ்வோர் இடத்தும் ஒவ்வொரு பாடம் வழங்கியதால், 1876-லும் 1888-லும் பொதுப் பாடம் வகுக்கப்பட்டது. அதில் இடம்பெறாத உருப்படிகள் வாசிப்பாரின்றிப் போயின. போர்க்காலத்திற் பிழைத்தவை சில, இவ்வாறு அமைதிக் காலத்துக் குழுவொன்றின் தீர்ப்பினால் மறைந்தன. அரசவை இசைவாணர் மேனாட்டு இசையையும் பயிலவேண்டுமென்ற விதி அக்காலத்திலேயே வந்தது. இன்றும் அரசவை இசைப்பிரிவினர் ககாக்குவோடு மேனாட்டு இசையும் வாசிப்பர். ககாக்கு 2009-ல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

யப்பான் காத்தது மூச்சினால் மட்டுமன்று. துன்ஹுவாங் குகையிற் கிடைத்துப் பாரிஸ் சென்ற சீனச் சுவடிகளுள், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிப்பா இசைக் குறிகள் கொண்ட ஒன்று உண்டு. சீனாவில் அக்குறிகளைப் படிப்பாரில்லை. யப்பானிய பிவா ஏடுகளில் அதே குறிகள் வழக்கிலிருந்தமையால், ஹயாஷி கென்சோ என்ற அறிஞர் அவற்றுக்குத் திறவுகோல் கண்டார்.

இதனினும் அரியது 'யூலான்' என்னும் ஏடு. தனிமையில் வளரும் ஓக்கிட் மலர் என்பது அதன் பொருள். இது 'குச்சின்' என்ற ஏழு நரம்புக் கருவிக்குரியது. அது அரசவை இசையன்று. கற்றோர் தம் அறையில் தனித்திருந்து வாசிப்பது. சியூ மிங் என்ற பெரியார் மலையில் ஒதுங்கி வாழ்ந்து இவ்வுருப்படியிற் கைதேர்ந்தவர். அதன் ஒலி நுண்ணியதாகையால் எளிதில் எவர்க்கும் கற்பித்தாரல்லர். முதுமையில், 589-ல், ஒருவருக்குக் கற்பித்தார். மறுவருடம் தமது 97-ஆம் வயதில் இறந்தார். ஏறக்குறைய 5000 எழுத்துக்களில், எந்த விரலை எந்தப் புள்ளியில் வைத்து எந்த நரம்பை எவ்வாறு தொடவேண்டும் என்று சமையற் குறிப்பைப்போல அவ்வேடு விரித்துரைக்கின்றது. தாங் காலத்துப் பிரதி ஒன்று கியோத்தோவின் ஆலயம் ஒன்றில் நெடுங்காலம் கிடந்தது. சீனத் தூதரகத்தில் அலுவல் பார்த்த யாங் ஷோசிங் அதனைக் கண்டார். அதன் பிரதி 1884-ல் அச்சேறிச் சீனாவிற்கு மீண்டது.

1950-களில் குவான் பிங்ஹு (1897–1967) அவ்வேட்டை எடுத்து, விரல் விரலாகப் பொருத்திப் பார்த்து, மீண்டும் ஒலிக்கச் செய்தார். இவர் வாசித்த 'ஓடும் நீர்' என்ற வேறோர் உருப்படியே 1977-ல் வொயேஜர் விண்கலங்களின் இசைத்தட்டில் ஏறி விண்வெளிக்குச் சென்றது. யூலானில் விரலுக்கு விதி இருந்தது. காலத்துக்கு விதி இல்லை. எச்சுரம் எவ்வளவு நேரம் நீளவேண்டுமென்று ஏடு கூறவில்லை. ஆதலால், அதை மீட்டெடுத்த வேறு கலைஞர் ஒவ்வொருவரின் கையிலும் அது வேறுவேறு நடையில் ஒலிக்கின்றது. ககாக்குவிலோ மூச்சு இருந்தது, நடை மாறிற்று. யூலானில் எழுத்து இருந்தது, மூச்சு அறுந்தது. இரண்டில் எது நன்று என்று நம்மைக் கேட்டால், ஹொரிக்காவா மன்னனின் வழியையே நாம் விரும்புவோம்; ஆனால் தைகென்ஷோவை எழுதியவரையும் மறவோம்.

யூலான் ஏடு இப்பொழுது தோக்கியோ தேசிய நூதனசாலையில் உள்ளது. அதன் கடைசிப் பகுதியில், அக்காலத்தில் வழங்கிய 59 குச்சின் உருப்படிகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன.